பழைய இன்ஜினுக்குப் புது விளக்கு: ஆதாயமும் சேதமும்

எங்கள் மங்களூர் வழியே ரயில் போகாது. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற, கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்து மானாவாரிப் பூமி இது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் விருத்தாசலம் சந்திப்புக்குப் போக வேண்டும். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு பக்கமும் அங்கிருந்து தண்டவாளம் பிரிகிறது. மீட்டர் கேஜ் காலத்தில், பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பிளாட்பாரத்தில் நின்றால், வண்டி வரும் சேதியை முதலில் சொல்வது வெளிச்சம்தான். தூரத்தில் மஞ்சளாய் ஒரு பொட்டு தெரியும். பொட்டு வட்டமாகும். தண்டவாளத்தின் மேல்விளிம்பு இரண்டும் பொன்கம்பி போல மின்னத் தொடங்கும். அதற்கப்புறம்தான் சத்தம், அதற்கும் அப்புறம்தான் காலடியில் அதிர்வு.

சின்ன வயதில் மனதில் பதிந்த அந்த வெளிச்சம்தான் மாதிரி ரயில் பக்கம் என்னை இழுத்துவந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா 1980களில் கொண்டுவந்து கொடுத்த ஒரு டீசல் இன்ஜின் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம். மாதிரி ரயில்காரர்கள் எச்.ஓ. என்று சொல்லும் அளவு. அதாவது நிஜ இன்ஜினின் 87இல் ஒரு பங்கு. ஓடும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். முகப்பில் ஒற்றை விளக்கு.

இப்படிப்பட்ட பழைய இன்ஜின் யார் கைக்கு வந்தாலும் முதல் வேலையாக உள்ளே இருக்கும் பல்பைப் பிடுங்கிவிட்டு எல்.இ.டி. வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. நானும் செய்தேன். ஒரு முறை தவறாகவும், பிறகு ஒரு முறை யோசித்தும் செய்தேன். இந்த வழக்கத்தில் எது இன்ஜினுக்கு நல்லது, எது அதைக் கெடுக்கிறது என்று எடைபோட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளக்கை மாற்றலாம், பல சமயம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் மறுபடி பழையபடி ஆக்க முடியாதவாறு மாற்றக் கூடாது. இன்ஜினின் காலத்துக்குப் பொருந்தாத வெளிச்சத்தை அதன் முகத்தில் ஏற்றவும் கூடாது.

பழைய விளக்கு எரிந்த விதம்

மாதிரி இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. ஒரு தண்டவாளம் நேர்மின், மற்றொன்று எதிர்மின். சக்கரங்கள் அதை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கின்றன. கன்ட்ரோலரின் குமிழைத் திருப்பினால் மின்னழுத்தம் 0 முதல் 12 வோல்ட் வரை ஏறும். அது ஏற ஏற வேகம் கூடும். துருவத்தை மாற்றினால் இன்ஜின் பின்னோக்கிப் போகும். விளக்குக்கென்று தனி வழி கிடையாது. மோட்டாருக்குப் போகிற மின்சாரத்திலேயே ஒரு பல்பும் பங்கு வாங்கிக்கொள்ளும்.

அமெரிக்காவின் ஏதர்ன் நிறுவனம் நீல அட்டைப் பெட்டியில் விற்ற இன்ஜின்களில் இந்த அமைப்பைத் தெளிவாகப் பார்க்கலாம். இன்ஜினின் உலோக அடிச்சட்டமே மின்சாரத்துக்கு ஒரு வழி. மோட்டாரின் தலைமேல் கவ்வி நிற்கும் தகடு இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவே ஒரு பல்பு. பல்புக்கு முன்னால் தெளிந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று வெளிச்சத்தை வாங்கி முகப்பு விளக்கின் துளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒயர் மிகக் குறைவு. ஒரு திருப்புளி இருந்தால் யாரும் பிரித்துப் பழுது பார்க்கலாம். ஐம்பது வருடம் கழித்தும் இத்தகைய இன்ஜின்கள் ஓடுகின்றன என்றால் அதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம்.

எளிமையோடு குறைகளும் சேர்ந்தே வந்தன. வண்டி நின்றால் விளக்கு அணைந்துவிடும். மெதுவாகப் போனால் தணல் போலச் சிவந்து கிடக்கும். முழு வேகத்தில்தான் பளிச்சென்று எரியும். ஒற்றை பல்பு வைத்த இன்ஜின்களில், பின்னோக்கிப் போகும்போதும் முன்விளக்கே எரியும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சூடு. இந்த பல்புகளைக் கோதுமை மணி பல்பு என்பார்கள். உருவமும் அப்படித்தான். 12 வோல்ட்டில் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு மணி, முக்கால் வாட்டுக்குக் கிட்டத்தட்ட மின்சாரம் குடிக்கிறது. அதில் வெளிச்சமாவது கொஞ்சம், மற்றதெல்லாம் சூடு. காற்றோட்டம் இல்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள், கூரைக்கு ஒட்டினாற்போல அந்தச் சூடு நின்றுகொண்டிருக்கும்.

என் இன்ஜினின் மேல்கூட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்தபோது இதை நேரில் கண்டேன். பல்புக்கு நேர் மேலே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. நடுவில் அது பாலாடை போலச் சுருங்கியிருந்தது. வெளிப்பக்கம் விரலால் தடவினால் கூரையில் மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. இன்னும் சில வருடம் அப்படியே ஓட்டியிருந்தால் முகப்பே தொய்ந்திருக்கும்.

எல்.இ.டி. தரும் ஆதாயம்

பழைய இன்ஜினில் பல்பு இருப்பதைத் தயாரித்தவரின் குறையாகச் சொல்ல முடியாது. நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கியது 1962இல். சிவப்பும் பச்சையும் சிக்னலுக்கு உதவும், முகப்பு விளக்குக்கு உதவாது. வெள்ளை வெளிச்சத்துக்கு நீல எல்.இ.டி. வேண்டும். ஜப்பானில் ஷூஜி நகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தது 1993இல்தான். அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது அந்த நீல வெளிச்சத்துக்காகத்தான். நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றைத் தடவியபோது வெள்ளை பிறந்தது. அதற்கு முன் செய்த இன்ஜினுக்கு பல்பை விட்டால் வேறு கதி இருக்கவில்லை.

இப்போது கதி இருக்கிறது, அது நல்ல கதியும்கூட. கணக்கு எளிமையானது. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் போதும். 12 வோல்ட்டில் மீதி 9 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஓடும் மின்சாரம் 9 மில்லி ஆம்பியர். பல்பு குடித்ததில் ஆறில் ஒரு பங்கைவிடக் குறைவு. கூரை கருகாது. பல்பின் இழை அறுந்துபோகும் கவலையும் இல்லை.

இன்னொரு ஆதாயம் திசை. பல்புக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். எல்.இ.டி. ஒரு பக்கமாக மட்டுமே மின்சாரத்தை விடும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டை எதிரெதிராக இணைத்து, ஒரே ரெசிஸ்டரைக் கொடுத்துவிட்டால் போதும். இன்ஜின் முன்னே போகும்போது முன்விளக்கும் பின்னே போகும்போது பின்விளக்கும் தானாகவே எரியும். எல்.இ.டி.யை ஒற்றையாக இணைத்தால் தலைகீழ் மின்னழுத்தத்தை அது தாங்காது. பெரும்பாலானவை 5 வோல்ட்டுக்கு மேல் பொறுக்க மாட்டா. எதிரெதிராக வைக்கும்போது ஒன்று மற்றதைக் காப்பாற்றுகிறது. இந்தக் கைவேலையின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறுகிறவர்களுக்கோ எல்.இ.டி. கிட்டத்தட்டக் கட்டாயம். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் வகுத்த தரத்தின்படி, இன்ஜினுக்குள் டிகோடர் என்ற சிறு மின்பலகை உட்கார்கிறது. முன்விளக்குக்கு வெள்ளை ஒயர், பின்விளக்குக்கு மஞ்சள், இரண்டுக்கும் பொதுவான நேர்மின்னுக்கு நீலம் என்று நிறமும் வகுத்திருக்கிறார்கள். நின்றாலும் ஓடினாலும் விளக்கு ஒரே சீராக எரியும். ஆனால் பழைய இன்ஜினில் அடிச்சட்டமே மின்சாரம் ஓடும் வழி என்பதை மறந்துவிடக் கூடாது. மோட்டாரைச் சட்டத்திலிருந்து முழுக்கப் பிரித்துக் காப்பிடாமல் டிகோடரை இணைத்தால் அது அந்த நொடியே கருகும்.

இழப்பு எங்கே தொடங்குகிறது

முதல் இழப்பு நிறம். கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி.யின் வெளிச்சம் 6000 கெல்வினுக்கு மேல், நீலம் பாய்ந்த வெள்ளை. பழைய பல்பின் வெளிச்சம் 2700 கெல்வினுக்கு அக்கம்பக்கம், நெய்விளக்கை நினைவூட்டும் மஞ்சள். இந்த வித்தியாசத்தை நம் தெருக்களிலேயே பார்த்தோம். சோடியம் விளக்கின் ஆரஞ்சு மஞ்சள் போய் எல்.இ.டி.யின் வெள்ளை வந்தது. தெருவுக்கு அது லாபம். ஆனால் 1990இல் நடக்கிற கதை என்று காட்டும் திரைப்படத்தில் தெருவிளக்கு நீலவெள்ளையாக எரிந்தால் கண் உறுத்தும் அல்லவா? மாதிரி இன்ஜினும் ஒரு காலத்தைக் காட்டுகிற பொருள்தான்.

நம் இன்ஜின்களையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பில் டபிள்யூ.டி.எம்.2 டீசல் இன்ஜின் 1962இல் இந்தியாவுக்கு வந்தது. 1964 முதல் வாரணாசியில் அதைக் கட்டினார்கள். தொடக்க காலத்து இன்ஜின்களுக்கு முகப்பில் பெரிய வட்டமாக ஒற்றை விளக்கு. இரட்டைக் கதிர் விளக்கு பின்னால் வந்தது. மீட்டர் கேஜில் ஓடிய, பொன்மலைக் கொட்டகையில் பராமரிக்கப்பட்ட ஒய்.டி.எம்.4 இன்ஜின்களும் ஆல்கோ குடும்பம்தான். ஒற்றை வட்ட விளக்குக் காலத்து மாதிரியில் நீலவெள்ளையைப் பொருத்தினால் முகம் ஒரு காலம், கண் ஒரு காலம் என்றாகிவிடும். இன்றைய டபிள்யூ.ஏ.பி.7 மின்சார இன்ஜினின் மாதிரிக்கு அதே வெள்ளை பொருந்தலாம். ஆகவே எல்.இ.டி.யின் நிறத்தை நல்லது கெட்டது என்று பொதுவில் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த இன்ஜின், எந்த வருடம் என்று கேட்ட பிறகே சொல்ல முடியும்.

இரண்டாவது இழப்பு பிரகாசத்தில் வருகிறது. நிஜ இன்ஜினின் விளக்கு ஓட்டுநருக்குப் பாதையைக் காட்ட வேண்டும். மாதிரி இன்ஜினுக்கு அந்த வேலை இல்லை. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ‘வண்டி வருகிறது’ என்று சொன்னால் போதும். அதை மறந்து 9, 10 மில்லி ஆம்பியர் கொடுத்தால் முகப்பு விளக்கு கண்ணைக் கூசவைக்கிறது. அதைவிட மோசம், மெல்லிய பிளாஸ்டிக் கூட்டின் மூக்கு முழுவதும் உள்ளிருந்து ஒளிர்கிறது. இரும்பென்று கண் நம்பிய உடம்பு அந்த நொடியில் பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது சிமிட்டல். பல்பின் இழை சூடேறி எரிவது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு தூசு வந்து மின்சாரம் கண்ணிமைப் பொழுது தடைப்பட்டாலும் இழையின் சூடு அதை மறைத்துவிடும். எல்.இ.டி.க்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு தூசையும் அது சிமிட்டிக் காட்டிக்கொடுக்கும். நான்காவது, வெளிச்சத்தின் பரவல். பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும். அமெரிக்க மாதிரிகள் பலவற்றில் நெற்றியில் இருக்கும் எண் பலகைகளும் அந்த ஒரே பல்பின் வெளிச்சத்தில்தான் தெரிந்தன. எல்.இ.டி. பெரும்பாலும் நேர் முன்னால் மட்டும் வீசும். பல்பு இருந்த இடத்தில் அதை அப்படியே வைத்தால் முகப்பு பளிச்சிடும், எண் பலகை இருண்டு போகும்.

இந்த நான்குக்கும் மருந்து உண்டு. ஐந்தாவதுக்கு மருந்தில்லை. எல்.இ.டி. நுழையவில்லை என்று துளையைப் பெரிதாக்குவது, தெளிந்த பிளாஸ்டிக் துண்டை உடைத்தெடுப்பது, பல்பு நின்ற தகட்டை வெட்டுவது, எல்லாவற்றையும் சூடான பசையால் மூடுவது. நான் முதல் தடவை செய்த தவறும் இதுதான். விளக்குத் துளை கால் மில்லிமீட்டர் சிறிதாக இருந்தது என்று துளைப்பான் வைத்தேன். பிளாஸ்டிக் உருகி விளிம்பு கோணலானது. மாமா கொடுத்த இன்ஜினின் முகத்தில் அந்தக் கோணல் இன்றும் இருக்கிறது. வண்ணம் பூசி மறைக்கலாம், சரிசெய்ய முடியாது.

பல்பை விடாமலே ஒரு வழி

எல்.இ.டி.யா பழைய பல்பா என்ற வழக்கில் பலர் பார்க்காமல் விடும் நடுவழி ஒன்று இருக்கிறது. பல்பின் ஆயுள் மின்னழுத்தத்தைப் பொறுத்துக் கடுமையாக மாறும். 5 விழுக்காடு குறைத்தாலே ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பல்புத் தொழிலின் பழகிய கணக்கு. 16 வோல்ட் பல்பை 12 வோல்ட்டில் எரித்தால் சூடும் குறையும், நிறமும் இன்னும் கனியும். காட்சிக்கு வைத்து எப்போதாவது ஓட்டும் இன்ஜினுக்கு இதுவே போதும்.

எல்.இ.டி. வருவதற்கு முன்பே நின்ற இடத்தில் விளக்கு எரியவைக்கும் வித்தையையும் கைவினைஞர்கள் கண்டுவைத்திருந்தார்கள். மோட்டாருக்குப் போகும் வழியில் டையோடுகளை வைப்பார்கள். ஒவ்வொரு திசைக்கும் இரண்டு, ஆக நான்கு. ஒரு டையோடு 0.7 வோல்ட் பிடித்துக்கொள்ளும், இரண்டு சேர்ந்தால் 1.4. அந்த 1.4 வோல்ட்டில் 1.5 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்தால், மோட்டார் சுழலத் தொடங்கும் முன்பே விளக்கு எரிந்துவிடும். வேகம் கூடினாலும் வெளிச்சம் கூடாது. இதற்கு விலை, உச்ச வேகத்தில் 1.4 வோல்ட் குறைவது மட்டுமே. இத்தனை அழகான தீர்வு இன்று மறக்கப்படுவதற்கு ஒரு நியாயமும் உண்டு: அந்த 1.5 வோல்ட் பல்புகள் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரு நாள் இழை அறும், மறுபடி கூட்டைக் கழற்ற வேண்டும்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இன்ஜினின் வேலை தீர்மானிக்க வேண்டும். புனேயின் கோத்ருட் பகுதியில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் போல, மக்கள் வந்து பார்க்க ஓட்டிக்காட்டும் இடத்தில் பல்பு மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. எல்.இ.டி.தான் நியாயம். நிஜ இன்ஜின்களிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர்.21 நீராவி இன்ஜினைப் பெரம்பூர் பணிமனை 2010இல் மறுபடி ஓடவைத்தபோது, இன்றைய பாதையில் ஓட அதற்குப் புதிய பிரேக் முதலான பாதுகாப்பு ஏற்பாடுகள் தேவைப்பட்டன. ஓட வேண்டிய பொருளில் மாற்றம் தவிர்க்க முடியாதது. அதன் தோற்றம் தன் காலத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் விட்டுக்கொடுக்க முடியாதது.

சூளைக்கு முன், சூளைக்குப் பின்

எந்த மாற்றத்தை ஏற்கலாம் என்பதற்கு எனக்கு அளவுகோல் கிடைத்தது விருத்தாசலத்துப் பீங்கான் கூடத்தில். அங்கே பொம்மை வேலை செய்யும் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பாரிஸ் சாந்து அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார்கள் பலகையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுக்குக் காது மடங்கியிருந்தது. அத்தை அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கூழ் கரைத்து வைத்திருந்த தொட்டியில் போட்டார். அது கரைந்து மறுபடி மண்ணானது. மூலையில் வெந்து வெடித்த பொம்மைகள் குவிந்திருந்தன. அவற்றைக் காட்டிக் கேட்டேன்.

“சூளைக்குப் போறதுக்கு முன்னாடி எத்தனை தடவ வேணாலும் கலைச்சுப் பண்ணலாம் தம்பி. வெந்துட்டா அப்புறம் அது கல்லு. அதனாலதான் உள்ள வைக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி திருப்பிப் பாத்துக்கறது.”

விளக்கு மாற்றும் வேலையிலும் சூளைக்கு முன், சூளைக்குப் பின் என்று இரண்டு வகை உண்டு. ஒயரை அவிழ்த்து வேறு ஒயர் பற்றவைப்பது, பல்பு இருந்த தாங்கியிலேயே எல்.இ.டி.யைச் சுருங்கு குழாயில் பொதிந்து செருகுவது, கூட்டின் உட்புறத்தில் வெளிச்சம் கசியாமல் கறுப்பு நாடா ஒட்டுவது ஆகியவை முதல் வகை. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். துளைப்பது, வெட்டுவது, உருக்குவது, பசை ஊற்றுவது, கழற்றிய பாகத்தை எறிவது ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகையில் தவறினால் நட்டம் ஒரு ரெசிஸ்டர். இரண்டாம் வகையில் தவறினால் நட்டம் இன்ஜின். இன்று செய்துகாட்டப்படும் மாற்றங்களில் வெளிச்சத்தின் அளவைப் புகழ்கிறார்கள். அந்த வேலை எந்த வகை என்று பார்ப்பவர் குறைவு. இந்த வழக்கத்தின் பெரிய குறையாக நான் காண்பது இதைத்தான்.

இரண்டாம் முறை என் இன்ஜினைத் திறந்தபோது இந்த அளவுகோலோடுதான் உட்கார்ந்தேன். 2700 கெல்வின் மஞ்சள் வெள்ளையில் 3 மில்லிமீட்டர் எல்.இ.டி. ஒன்றை எடுத்தேன். அதன் வட்டத் தலையை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து மங்கலாக்கினேன், வெளிச்சம் பக்கவாட்டிலும் பரவ. பழைய தாங்கியில், பல்பு இருந்த அதே இடத்தில் செருகினேன். எண் பலகை தெரிந்தது. அசல் பல்பு இரண்டு திசையிலும் எரிந்தது என்பதால் அந்த இயல்பையும் மாற்றவில்லை. சின்ன பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்று வைத்து எந்தத் திசையிலும் எரியவிட்டேன். அதன் பின்னால், சிமிட்டலை மறைக்கக் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் 220 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர்.

ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுத்ததுதான் இந்த வேலையில் எனக்குப் பெரிய பாடம். 1 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 கிலோ ஓம் வைத்தேன். மின்சாரம் 2 மில்லி ஆம்பியருக்கும் கீழே இறங்கியது. கண் கூசவில்லை, மூக்கு ஒளிரவில்லை. கூடவே எதிர்பாராத நன்மை ஒன்றும் வந்தது. குறைவாகக் குடிக்கிற விளக்குக்கு அதே கெப்பாசிட்டர் நெடுநேரம் தாங்கியது. 1 கிலோ ஓமில் கால் நொடிக்கும் குறைவாக நின்றிருக்கும் சேமிப்பு, இப்போது ஏறக்குறைய ஒரு நொடி நிற்கிறது. சிமிட்டல் மறைந்துவிட்டது. வண்டியை நிறுத்தினால் விளக்கு சட்டென்று அணையாமல், இழை ஆறுவதைப் போல மெல்லத் தணிகிறது. வெளிச்சத்தைக் குறைத்ததால் இரண்டு குறைகள் ஒருசேரத் தீர்ந்தன.

கழற்றிய கோதுமை மணி பல்பை எறியவில்லை. அது இன்னும் எரிகிறது. சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, இன்ஜினின் பழைய அட்டைப் பெட்டிக்குள் ஒரு சீட்டோடு வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு பெட்டியைத் திறப்பவருக்காக அந்தச் சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: “அசல் பல்பு இந்த உறையில். தாங்கியை வெட்டவில்லை. இரண்டு இடத்தில் பற்றை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். முகப்பு விளிம்பின் கோணல் என் தவறு.”